முறுக்குவிசை போதாது என்பது பாதிக் கணக்கு

பைக் எஞ்சினால் காரை இழுக்க முடியாது, பிரிட்டனின் கிட் கார் (பாகங்களாக வாங்கித் தாமே பூட்டும் கார்) பிரியர்கள் அதைத் தங்கள் வண்டியில் பொருத்துவது வெறும் மோகம் என்ற வாதம், எஞ்சினின் முறுக்குவிசையை மட்டும் பார்த்துவிட்டுச் சக்கரத்தை மறந்துவிடுகிறது. 1999இல் வந்த சுசுகி ஹயாபுசாவின் 1,299 சிசி எஞ்சின் ஏறக்குறைய 170 குதிரைத்திறன் தரும். அதன் அதிவேகச் சுழற்சியைக் கியர்கள் குறைக்கும்போது, முறுக்குவிசை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் பெருகுகிறது. லோட்டஸ் செவன் என்ற இலகு ஸ்போர்ட்ஸ் காரின் வழிவந்த கிட் கார்களின் எடையோ அரை டன்னை ஒட்டித்தான். குடும்பக் காரின் அளவுகோல் இங்கே பொருந்தாது.

பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் இல்லை, ஆயில் ஒதுங்கும் என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை. வளைவில் பைக் சாயும், கார் சாயாது. அதனால் காரில் ஆயில் ஓரம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் பாழாகும். தடுப்புத் தகடு வைத்த சம்ப்பும் (எஞ்சினடி ஆயில் தொட்டி) தனி ரிவர்ஸ் பெட்டியும் இக்குறைகளுக்கான தீர்வுகள். இவற்றுக்குச் செலவு உண்டு. செலவு வேறு, இயலாமை வேறு. இரண்டையும் குழப்பி ஒரு நல்ல பொறியியல் முயற்சியை ஒதுக்குவது அநியாயம்.