தைரியம் சொல்வோருக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்ணிடம் நமது சமூகம் முதலில் நீட்டுவது ஓர் அறிவுரை: "மனத்தைத் திடப்படுத்திக்கொள்." வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்பிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கை வீட்டிலும் இதே வாசகந்தான். இலங்கைப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவாயிருந்தும், அதைப்பற்றி நாம் பேசக் கற்றது இவ்வளவே.

எம்முடன் கற்பித்த ஆசிரியை ஒருவர் சிகிச்சை முடிந்து திரும்பினார். முடி மீண்டும் வளர்ந்திருந்தது. "இனி என்ன கவலை?" என்றனர் எல்லோரும், நாமுந்தான் சொன்னோம். கரும்பலகையில் தொடங்கிய வசனத்தின் முடிவு மறந்து அவர் நின்றபோது மாணவர் சிரித்தனர். ஆசிரியர் அறை அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டது.

அது சோம்பலன்று. கீமோதெரபி மருந்து நினைவையும் கவனத்தையும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மங்கச் செய்யும். இளம் பெண்களுக்கு மாதவிடாயைக் காலத்துக்கு முன்பே நிறுத்திவிடவுங்கூடும். பின்னர் தமொக்சிபென் மாத்திரை பலருக்கு 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு. உடலில் திடீர் வெப்பம் எழும், உறக்கம் கெடும், சிலருக்கு மனமும் சோரும். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னரும் நோய் மீண்டதோ என்னும் அச்சம் வேறு. இவற்றை மனத்திடக் குறைவென்பது காய்ச்சலைக் குணக்கேடு என்பதற்கு ஒப்பாகும்.

தமிழ் கற்பிக்கும் நம்மையே கேட்கவேண்டியிருக்கிறது. முலை என்ற சொல் காவியத்தில் வந்தால் உவமை நயம் பாராட்டுகின்றோம். இடமுலையைத் திருகி மதுரைமீது எறிந்த கண்ணகியின் சினத்தை ஆண்டுதோறும் விளக்குகின்றோம். சத்திரசிகிச்சையில் அதை இழந்தவள் சினந்தால் மட்டும் "குணம் மாறிவிட்டது" என்கின்றோம்! அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட், 1978 இல் மார்பகம் அகற்றப்பட்டபின் செயற்கை மார்பகம் அணியாது சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். அது அங்குள்ளோரின் உற்சாகத்தைக் கெடுக்கும் என்று கடிந்தவர் ஒரு தாதி. யாருடைய கண் நோகாதிருக்க இந்த மறைப்பு?

வசதியுள்ளவள் பணங்கொடுத்து ஆலோசகரிடம் பேசுவாள். கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மனைவி புறக்கோட்டைக்கு வந்து, 138 ஆம் இலக்கப் பஸ்ஸில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்கின்றாள். இலவச வைத்தியம் மக்களின் பெருஞ்செல்வம். அதை நாம் குறைத்துப் பேசோம். எந்த அரச வைத்தியசாலையிலும் வலிக்கும் இடத்தை அரைகுறைச் சிங்களத்திலேனும், விரலாலேனும் காட்டிவிடலாம். கணவன் பக்கம் திரும்பிப் படுக்கக் கூசும் இரவை எந்த விரலாற் காட்டுவது? 1987 இல் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் ஏறிய தமிழ் அவள் கட்டிலருகே வரட்டும். உளவளத்துணை சிகிச்சையின் ஓர் அங்கமாக, மருந்தைப் போலவே இலவசமாக, அவள் மொழியிற் கிடைக்கட்டும்.

அந்த ஆசிரியை அடுத்த தவணையில் விலகினார். கடிதத்திற் காட்டிய காரணம்: குடும்ப நிலைமை.