செனட்டர் என்றால் ‘பெருசு’: நமக்கு எந்தப் பெருசு வேண்டும்?

மேட்டூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அணையின் நீர்மட்டம் பேசும் ஒருவரிடம், “என்ன பெருசு, இந்த வருஷம் ஜூன் 12-ல திறந்துடுவாங்களா?” என்று யாராவது கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் ‘செனட்டர்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே ‘பெருசு’தான்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். முதியவர்கள் கூடும் அவை ‘செனாட்டுஸ்’. பண்டைய ரோமில் அந்த அவையில் உட்கார்ந்தவர் செனட்டர். ஆபீஸில் நாம் சொல்லும் ‘சீனியர்’ இதே வேரில் பிறந்தது. ஏன், நாள் முழுக்கச் சொல்கிறோமே ‘சார்’, அதுவும் அந்த ‘சீனியர்’ சுருங்கி வந்ததுதான். முதுமையால் புத்தி தடுமாறுவதைச் சொல்லும் ‘செனைல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் இதுவே. ஆக, அனுபவம், தடுமாற்றம் இரண்டுமே ஒரே வேரில் இருக்கின்றன.

தமிழில் என்ன பெயர்?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் செனட்டை ‘மூதவை’ என்கிறார்கள். மூத்தோர் அவை, வேர்ப்பொருள் அப்படியே இருக்கிறது. 1947 முதல் 1971 வரை இலங்கை நாடாளுமன்றத்திலும் 30 பேர் கொண்ட செனட் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் நாமோ ‘மேலவை’ என்றோம். அங்கே அனுபவத்தைச் சொன்ன பெயர், இங்கே உயரத்தைச் சொன்னது. சிக்கலே அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே ஏறியது யார்?

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்த நகராட்சிக்கே தலைவராக இருந்த ராஜாஜி, 73 வயதில் முதல்வரானார். தேர்தலில் நிற்கவில்லை, ஆளுநர் நியமனம் மூலம் மேலவைக்குள் வந்தார். அவருடைய அனுபவத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால், மேலவை ஒரு பின்வாசல் என்ற பேச்சு வலுத்தது.

1986 நவம்பர் 1-ல் தமிழக மேலவை ஒழிக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவர 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது; அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது.

வயதா, அனுபவமா?

சட்டப்பேரவைக்கு 25 வயதில் போட்டியிடலாம். மாநிலங்களவைக்கும் மேலவைக்கும் 30 ஆக வேண்டும். அமெரிக்க செனட்டுக்கும் 30தான். இவை எல்லாமே கீழ் வரம்புகள். மேல் வரம்பு யாருக்கும் இல்லை.

ஆனால், 1,100 ஆண்டுகளுக்கு முன்பு முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் என்று விதி வைத்தது. இன்னும் சில தகுதிகளோடு, பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்றும் சொன்னது. நில உடைமையும் கேட்ட சபை அது. அதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் முதுமை ஒன்றே தகுதியாகிவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் கட்சி இதுதான்

மேலவை வேண்டுமா என்ற விவாதம் மறுபடியும் வரும். வந்தால், அரசியலமைப்பின் 171-வது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கலாம் என்கிறது அது. யாரை? இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அறிவோ அனுபவமோ உள்ளவர்களை. தேர்தலில் தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு கொடுக்கச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காலமெல்லாம் வலை வீசி, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திய ஒருவர் அந்த வரிக்குப் பொருந்துவார். அவரை உட்கார வைக்கும் அவை என்றால் வரட்டும். கட்சிக்காரர்களுக்கு ஓய்வு விடுதி என்றால் வேண்டாம்.

தமிழில் ‘பெரியவர்’ என்றால் வயதானவர் என்றும் பொருள், மதிக்கத் தக்கவர் என்றும் பொருள். முதலாவது தானாக வந்துவிடும். அவைக்குத் தேவை இரண்டாவது.