ஓட்டையை அடைப்பது யார் வேலை?



ஒரு கட்டடத்தில் சுவர் எழுப்புபவர் கொத்தனார். அதில் ஓட்டை போடுபவர்கள் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக். வேலை முடிந்ததும் அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள சந்தை அடைப்பது யார்? இன்று மதுரையில் காளவாசல், அண்ணா நகர், ஒத்தக்கடை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மாடி மேல் மாடி எழும்புகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

“சின்ன ஓட்டைதானே, விடுங்க தம்பி” என்பார்கள். புகைக்கு அந்தச் சின்ன வழி போதும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் கீழே கார் நிறுத்துமிடத்து டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாகவும் ஏ.சி. குழாய் வழியாகவும் மேலே பால்கனிக்கு ஏறியது. 59 பேர் மாண்டனர்.

சரி, அடைத்துவிட்டால் போதுமா? எதைக் கொண்டு அடைத்தோம் என்று பார்க்க வேண்டாமா? 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள் துவாரத்தில் காற்று கசிகிறதா என்று மெழுகுவர்த்தியைக் காட்டிச் சோதித்தார்கள். துவாரத்தை அடைத்திருந்த பாலியூரித்தேன் ஃபோமே பற்றிக்கொண்டது! சுமார் ஏழு மணி நேரம் எரிந்து 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. வேலிக்குப் போட்ட முள்ளே காலில் குத்திய கதைதான்.

இப்போது கடைகளில் தீத்தடுப்பு ஃபோம் என்று ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் டப்பாக்கள் கிடைக்கின்றன. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டப்பாவில் ‘பி1’ என்றிருந்தால் எளிதில் பற்றாது என்றுதான் அர்த்தம். எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பது வேறு சோதனை. அதிலும் எவ்வளவு அகலச் சந்து, எவ்வளவு ஆழம், எந்த வகைச் சுவர் என்று நிபந்தனை உண்டு. குறுகிய, ஆழமான சந்துக்கு ஃபோம் சரி. பி.வி.சி. பைப் என்றால் தீயில் பைப்பே உருகிப் பெரிய ஓட்டையாகிவிடும். அங்கே சூட்டில் உப்பி வழியை நெரித்து மூடும் காலர் வேண்டும். செங்கல் சுவரில் இரும்புக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு நம்ம ஊர் சிமெண்ட் கலவையே நல்ல தடுப்பு!

அடிக்கும்போது தூசியைத் தட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கையுறை போட்டு அடியுங்கள். ஃபோம் தானே உப்பும், அதனால் நிரம்ப அடிக்க வேண்டாம். உள்ளிருக்கும் வாயு பற்றக்கூடியது. பக்கத்தில் பீடி கூடாது. வெயில் படும் இடமென்றால் மேலே பூச வேண்டும், இல்லாவிட்டால் நம் மதுரை வெயிலில் பொடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கையாளாகத் தொடங்கிக் கொத்தனார் ஆனவர். இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “எஸ்டிமேட்டுல இருந்தா அடைக்கப் போறோம். இல்லாத வேலைக்கு எவன்ப்பா காசு தருவான்?” என்றார். அதில் தப்பு சொல்ல முடியுமா?

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மின் ஷாஃப்டில் கேபிளுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள சந்தை 120 நிமிடம் தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, ஓட்டை கட்டடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க வேண்டியது எஸ்டிமேட்டில் ஒரு வரி. அந்த வரியை எழுதப் போகிறவர்கள் டிப்ளமோ படிக்கும் நாம்தான்.

ஆகவே தோழர்களே, இந்த ஆண்டு எஸ்டிமேட் நோட்டிலிருந்தே தொடங்குவோம். சிவில் மாணவர் அந்த வரியை எழுதட்டும். எலக்ட்ரிக்கல் மாணவர் தான் போடும் ஓட்டைகளை எண்ணிச் சொல்லட்டும். சதுர மீட்டர் கணக்கில் பூச்சுக்கு விலை போடும் நாம், உயிர் காக்கும் ஒரு கைப்பிடிக் கலவைக்கு விலை போட மறக்கலாமா?