கட்டுப்பாடு யார் கையில்?

1985-ன் பிற்பகுதியில் ஜேனட் ஜாக்சன் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகருக்கு வந்தபோது அவருக்கு வயது 19. அதற்குள் இரண்டு ஆல்பங்கள் வெளியாகி, இரண்டும் பெரிதாகப் பேசப்படாமல் போயிருந்தன. இரண்டாவதான 'ட்ரீம் ஸ்ட்ரீட்' பில்போர்டு பட்டியலில் 147-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் 18 வயதில் செய்துகொண்ட கல்யாணம் சில மாதங்களிலேயே முறிந்து, சட்டப்படி ரத்தாகியிருந்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்துவிட்டு வந்திருந்தார். தன் தொழிலைக் கவனித்துவந்த அப்பாவை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தார்.

பாப் உலகத்திலும் ஒரு மஞ்சள் நீராட்டு விழா உண்டு. சின்னப் பெண்ணாக ஆடிப் பாடியவர் வளர்ந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். ஆடை குறையும், பாட்டில் சூடு ஏறும், அட்டைப் படத்தில் பார்வை மாறும். விழா தடபுடலாக நடக்கும். தேதி குறிக்கும்போது மட்டும் யாரும் பெண்ணைக் கேட்பதில்லை. இந்தச் சடங்கை எத்தனையோ பேருக்கு நடத்திப் பார்த்தாயிற்று. ஜேனட்டுக்கு நடந்தது வேறு.

அப்பா ஜோசப் ஜாக்சன் சாதாரண ஆளில்லை. இண்டியானா மாநிலத்து கேரி நகரில் உருக்காலையில் கிரேன் ஓட்டியவர். சின்ன வீட்டில் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவர்களில் ஐந்து பையன்களை ஜாக்சன் ஃபைவ் என்ற குழுவாக்கி உலகத்தின் முன் நிறுத்தினார். அதற்காக அவர் காட்டிய கண்டிப்பு பிள்ளைகள் வாயாலேயே ஊரறிந்த கதையாயிற்று. கடைக்குட்டி ஜேனட்டை ஏழு வயதில் லாஸ் வேகஸ் மேடையில் ஏற்றினார். 11 வயதில் 'குட் டைம்ஸ்' தொலைக்காட்சித் தொடர். 16 வயதில் ஏ அண்ட் எம் நிறுவனத்துடன் பாட ஒப்பந்தம். பாடகியாவது தன் ஆசையல்ல, அப்பாவின் முடிவு என்று ஜேனட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை 'டாட்' என்று கூப்பிட்டதற்கு, தன்னை ஜோசப் என்றே கூப்பிட வேண்டும் என்று அப்பா சொன்னதாகவும் சொல்லியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற குடும்பத்தில் ஒரு பெண் குழந்தைக்கு 'அப்பா' என்ற சொல் கிடைக்கவில்லை.

அந்த முதல் இரண்டு ஆல்பங்களை இன்று கேட்டாலும் மோசம் என்று தள்ள முடியாது. லியோன் சில்வர்ஸ், ஜார்ஜியோ மொரோடர் என்று கைதேர்ந்தவர்கள்தான் தயாரித்தார்கள். ஆனால் பாடுகிற பெண் யார் என்று கடைசிவரை தெரியாது. தயாராக இருந்த மெட்டு, தயாராக இருந்த சொற்கள். ஸ்டூடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போகிறார். அந்த மெட்டுகளை வேறு எந்த இளம் பாடகியும் பாடியிருக்கலாம்.

மின்னியாபொலிஸில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இரட்டையர். இவர்களும் ஒருவரின் பிடியிலிருந்து வெளியே வந்தவர்கள்தான். பாடகர் பிரின்ஸ் உருவாக்கிய 'தி டைம்' குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1983-ல் அட்லாண்டாவில் வேறொரு குழுவுக்கு இசை தயாரிக்கப் போனவர்கள் பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டு, சான் அன்டோனியோ கச்சேரிக்கு வந்து சேர முடியவில்லை. பிரின்ஸ் வேலையை விட்டு நீக்கிவிட்டார். அந்தப் பனிக்கு பாப் இசை கடமைப்பட்டிருக்கிறது.

ஜேனட் வந்ததும் இருவரும் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சில நாள்கள் சினிமா, கார் சவாரி, ஏரிக்கரை, இரவு விடுதி என்று ஊர் சுற்றினார்கள். எப்போது வேலை ஆரம்பம் என்று ஜேனட் கேட்டபோது, ஆரம்பித்துவிட்டோம் என்று சொல்லி, எழுதி வைத்திருந்த வரிகளைக் காட்டினார்கள். அவர் படித்துப் பார்த்தால், இத்தனை நாளாகத் தான் பேசிக்கொண்டிருந்தவை. தான் சொல்வதெல்லாம் பாட்டாகும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. இதை ஜிம்மி ஜாம் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இசைத்துறையில் இப்படிப்பட்ட கதைகளைச் சற்று நகாசு வேலை செய்துதான் சொல்வார்கள் என்பது தெரியும். ஆனாலும் ஆல்பத்தைக் கேட்டால் நம்பத் தோன்றுகிறது.

1986 பிப்ரவரியில் வெளியான அந்த ஆல்பத்தின் பெயர் 'கன்ட்ரோல்'. அது பாட்டில் தொடங்குவதில்லை, பேச்சில் தொடங்குகிறது. பிறகு டிரம்ஸ் வந்து விழுகிறது. லின் நிறுவனத்து டிரம் இயந்திரம், மிராஜ் என்ற சாம்ப்ளர் கருவி, இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி ஒரு தாளம், நடுவில் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம். அந்த இடத்தில்தான் ஜேனட்டின் குரல் நிற்கிறது. அவருடையது பெரிய குரல் இல்லை. மெல்லியது, மூச்சு கலந்தது. முந்தைய ஆல்பங்களில் அதை மூடி மறைக்கப் பார்த்தார்கள். ஜாமும் லூயிஸும் அதைக் கத்தச் சொல்லவில்லை. சுற்றிலும் இவ்வளவு இரைச்சலை எழுப்பி, நடுவே அவரைச் சாதாரணமாகப் பேசவிட்டார்கள். உரக்கப் பேசாமலே அதிகாரம் வந்தது. அந்தக் குரல் வளர்ந்ததாகக் கேட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான பாட்டுகளில் எழுதியவர்களில் ஒருவராக ஜேனட் பெயர் இருக்கிறது, தயாரிப்பிலும் இருக்கிறது. 'நாஸ்டி' பாட்டு பிறந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். மின்னியாபொலிஸில் தங்கியிருந்த ஹோட்டலுக்கு வெளியே சில ஆண்கள் வழிமறித்து வம்பு செய்தார்கள். ஓடிப்போய் யாரிடமும் முறையிடாமல், அவரே நின்று பதில் கொடுத்தார். பாட்டில் அந்தப் பெண் கேட்பது என்ன? செல்லப் பெயர் வேண்டாம், மரியாதையாகக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறாள். 'வாடி, போடி' என்றவர்களிடம் 'வாங்க, போங்க' கேட்கிறாள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அப்பா கட்டளையிட்ட வீட்டில் வளர்ந்த பெண், தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இங்கே தானே சொல்கிறாள்.

ஆல்பத்தின் மிக முதிர்ந்த பாட்டு எது என்று கேட்டால், நான் 'லெட்ஸ் வெயிட் அவைல்' என்பேன். காதலனிடம் கொஞ்சம் பொறுத்திரு என்று சொல்லும் பாட்டு. 'நான் வளர்ந்துவிட்டேன்' என்று அறிவிக்கிற ஆல்பத்தில் 'இப்போது வேண்டாம்' என்று ஒரு பாட்டு வைக்க, சடங்கு நடத்துகிறவர்கள் யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

1986 ஜூலையில் 'கன்ட்ரோல்' பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. ஜாமும் லூயிஸும் அடுத்த ஆண்டு சிறந்த தயாரிப்பாளர்களுக்கான கிராமி விருது வாங்கினார்கள்.

அப்பாவின் பிடியிலிருந்து விடுபட்டவர் கம்பெனிக்காரர்கள் பிடிக்குப் போனார், இதில் என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜேனட்டை மின்னியாபொலிஸுக்கு அனுப்பி வைத்தவர் ஏ அண்ட் எம் அதிகாரியான ஜான் மெக்லெய்ன். சுதந்திரமும் அங்கே ஒரு சரக்குதான், நன்றாக விற்றது. ஆனால் சொன்னதைப் பாடுவதற்கும், சொல்வது பாட்டாவதற்கும் உள்ள தூரம் கொஞ்சமில்லை. மற்றொரு பெண்ணின் கதையைப் பக்கத்தில் வைத்தால் அந்தத் தூரம் இன்னும் நன்றாகத் தெரியும்.

2001-ல் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கும் அதே 19 வயது. பள்ளிச் சீருடைப் பெண்ணாக உலகம் அறிந்தவரை வளர்ந்தவராகக் காட்டவேண்டிய நேரம். வந்த பாட்டு 'ஐயாம் எ ஸ்லேவ் ஃபார் யூ', உனக்கு நான் அடிமை என்று அர்த்தம். அது முதலில் ஜேனட்டுக்காக உருவான பாட்டு என்று சொல்வதுண்டு. இசை புதுமையானது, துள்ளலானது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2008 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் பிரிட்னியை அவருடைய அப்பாவின் பாதுகாவலில் வைத்தது. அப்போது அவர் 26 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். அந்த ஏற்பாடு இருந்த காலத்தில் ஆல்பங்கள் வெளியிட்டார், லாஸ் வேகஸில் ஆண்டுக்கணக்கில் மேடையேறினார். சம்பாதிக்கத் தகுதி இருந்தது, சம்பாதித்ததைச் செலவு செய்யத் தகுதி இல்லை. 2021 ஜூனில் நீதிபதியிடம் நேரடியாகப் பேசினார். நவம்பரில் பாதுகாவல் முடிந்தது. அவருக்கு 40 வயதாக மூன்று வாரமே இருந்தது.

ஜேனட்டின் கதையும் 1986-ல் சுபமாக முடிந்துவிடவில்லை. 2004 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில், உடன் பாடிய ஜஸ்டின் டிம்பர்லேக் அவரது உடையின் ஒரு பகுதியை இழுத்தார். ஒரு கணம் மார்பு தெரிந்தது. டிம்பர்லேக்கும் பதின்வயதுப் பையன்களின் குழுவிலிருந்து வளர்ந்து தனியே வந்தவர்தான். ஒரு வாரம் கழித்து கிராமி மேடையில் அவர் இரண்டு விருது வாங்கினார். ஜேனட் அங்கே இல்லை. பழியும் பகையும் பல ஆண்டுகள் அவரையே துரத்தின. டிம்பர்லேக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க 2021 பிப்ரவரி ஆயிற்று. அவர் மன்னிப்புக் கேட்டது இரண்டு பெண்களிடம்: ஒருவர் ஜேனட், இன்னொருவர் அவருடைய பழைய காதலி பிரிட்னி.

ஜோசப் ஜாக்சன் 2018-ல் இறந்தார். 2022 நவம்பரில் ஜாமையும் லூயிஸையும் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் சேர்த்தபோது, அவர்களை அறிமுகம் செய்யும் பொறுப்பு ஜேனட்டுக்குக் கிடைத்தது. 56 வயதில், கறுப்பு உடையும் தூக்கி வாரிய தலையுமாக, 'கன்ட்ரோல்' அட்டைப் படத்தில் இருந்த அதே கோலத்தில் மேடையேறினார்.