மடிமேல் வந்த வெட்டுமேசை

“மகனுக்கு டெப் வாங்கிக் கொடுத்தோம். இப்பொழுது படம் தொகுக்கும் செயலிக்கு மாதந்தோறும் பணம் வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா?” என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். விடை கூறுமுன் அத்தொழில் எத்தகையது என்பதைச் சிறிது நோக்குவோம்.

கமராவினால் எடுத்த படம் வெறும் நெல்லே. அதைக் குற்றிப் புடைத்து அரிசியாக்குபவர் படத்தொகுப்பாளர். முன்னாளில் இது முற்றிலும் கைவேலை. 35 மில்லிமீற்றர் சுருளில் அடிக்குப் 16 சிறு படங்கள்; வினாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். ஆகவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள். இரண்டு மணி நேரப் படம் 10,800 அடி, அதாவது இரண்டு மைலுக்கும் மேல்! வெட்டித் தள்ளியது இக்கணக்கிற் சேராது. 1924 இல் அமெரிக்காவில் ஈவான் செரூரியர் தொகுப்பாளருக்கென அமைத்த மூவியோலா என்னும் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கண்ணாடித் துவாரத்திற் பார்த்து, குறியிட்டு, வெட்டி, ஒட்டினர். தவறாக வெட்டினால் மீண்டும் ஒட்டவேண்டும்; ஒட்டிய தழும்பு சுருளிலே கிடக்கும்.

கணினி வந்ததும் இந்த அச்சம் அகன்றது. கணினியில் ‘வெட்டுதல்’ என்பது உண்மையில் வெட்டுதல் அன்று. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை காட்டவேண்டும் என்னும் குறிப்பை மட்டுமே அது எழுதிக்கொள்கிறது; மூலப்படத்திற்கு ஊறு எதுவும் நேர்வதில்லை. அப்பிள் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட பைனல் கட் புரோ இவ்வகையினது. 2003 இல் வெளிவந்த ‘கோல்ட் மவுண்டன்’ படத்தை வால்டர் மேர்ச் என்னும் பேர்பெற்ற தொகுப்பாளர் அதனைக் கொண்டே தொகுத்தார். இசைக்குரிய லொஜிக் என்பதோ ஜெர்மனியிற் பிறந்தது. அதனை ஆக்கிய எமாஜிக் நிறுவனத்தை அப்பிள் 2002 இல் வாங்கியது.

இவ்விரண்டும் 2023 மே 23 ஆம் திகதி ஐபாடுக்கு வந்தன. தன் வீட்டுக் கருவிக்குத் தானே பிந்தி வந்தது அப்பிள் என்றுதான் கூறவேண்டும். லூமாபியூஷன் 2016 இலேயே அங்கே குடியேறிவிட்டது. அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் டாவின்சி ரிசோல்வ் 2022 டிசம்பரில் வந்து சேர்ந்தது. எனினும் அப்பிளின் ஆக்கம் விரலுக்கேற்ப அமைந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சக்கரம். அதைப் பெருவிரலால் உருட்டினால் காட்சி ஒவ்வொரு படமாக நகரும். மூவியோலாவின் முன்னிருந்தவர் கண்டால் மகிழ்ந்திருப்பார். லொஜிக்கின் 2024 ஆம் ஆண்டுப் பதிப்போ, ஒன்றாகக் கலந்து பதிவான பாட்டைக் குரல், தாளக்கருவி, பேஸ் கிற்றார், ஏனையவை என நான்காகப் பிரிக்க முயல்கிறது. அலுமாரியிற் பழைய கசற் நாடாக்களை வைத்திருக்கும் குடும்பங்கள் இதனை மனத்திற் குறித்துக்கொள்ளலாம்.

இனி, பணத்தின் கதை. வெளிவந்தபொழுது இவை ஒவ்வொன்றுக்கும் மாதம் 4.99 டொலர், அல்லது ஆண்டுக்கு 49 டொலர். விலை என்பதிலும் வாடகை என்பதே பொருந்தும். அப்பொழுது மேசைக் கணினிக்குரிய பைனல் கட் புரோவை 299.99 டொலருக்கும், லொஜிக்கை 199.99 டொலருக்கும் ஒரேமுறையில் வாங்க முடிந்தது. பென்சிலை எடுத்துக் கணக்கிடுங்கள்: முன்னதற்கு ஆறு ஆண்டு வாடகையும், பின்னதற்கு நான்கு ஆண்டு வாடகையும் ஏறக்குறைய முழு விலையாகிவிடும். ஒரு வேலைக்காக மூன்று மாதம் மட்டும் வேண்டுவோருக்கு வாடகையே மலிவு. பத்தாம் வகுப்பிலே தொடங்கி இதனையே தொழிலாகக் கொள்ள விரும்புபவனுக்கோ அது ஓயாத கடன். ஒரு மாதம் கட்டத் தவறினால் கருவி கையை விட்டுப் போய்விடும். தச்சன் தன் உளியை வாடகைக்கு எடுப்பதை நம்மூரில் யாரும் கண்டதில்லை. ரிசோல்வின் பெரும்பகுதி இலவசமாகவே வந்தது. மேலதிக வசதி வேண்டியவரும் ஒருமுறை பணம் கட்டினாற் போதும் என்று வைத்தனர். மாணவர்க்கு அவ்வழியே நேரிது என்பது என் எண்ணம்.

மற்றொன்று. ஐபாட் என்று பெயர் இருந்தாற் போதாது. பைனல் கட் வெளிவந்தபொழுது எம்1 சில்லு அல்லது அதற்குப் பிந்திய சில்லு உள்ள கருவியையே கேட்டது. அச்சில்லு ஐபாடில் நுழைந்ததே 2021 இற்றான். லொஜிக் இத்துணைக் கண்டிப்புக் காட்டவில்லை. வாங்கிய பின் வருந்தாது முன்னரே விசாரித்தல் வேண்டும்.

மகனிடம் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரக் கலியாணப் படத்தை இறுதிவரை பார்த்த பொறுமைசாலிகள் நம்முள் எத்தனை பேர்? அதனை எட்டு நிமிடமாகச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். ஐபாடில் இலவசமாகவே கிடைக்கும் ஐமூவி இதற்குப் போதும். அம்மம்மா ஆசி கூறும் காட்சியில் அவர் குரல் முதலில் ஒலித்து, முகம் ஒரு வினாடி பிந்தித் தோன்றினால் எவ்வளவு அழகாயிருக்கிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்தானாயின், வாடகையைப் பற்றிப் பேசலாம். பூமாலைக் காட்சியில் பத்துவகை மினுமினுப்பைச் சேர்த்துக்கொண்டு வந்தானாயின், இன்னும் சில காலம் பொறுத்திருப்பதே நன்று.

எதை வாங்கினாலும், எடுத்த மூலப்படங்களையும் முடித்த படத்தையும் வேறொரு வன்தட்டிற் பிரதிசெய்து வைக்கச் சொல்லுங்கள். செயலி போனால் வேறொன்று கிடைக்கும். அம்மம்மாவின் குரல் மறுபடி கிடையாது.