எந்தக் கடிகாரத்தை முந்துவது?

வீடியோ கேம் ஒன்றை, கன்சோலைப் போலச் செயல்படும் மென்பொருளான எமுலேட்டரில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, வேண்டிய இடங்களில் நிலையைச் சேமித்து, தவறிய இடத்திற்குத் திரும்பி மறுபதிவு செய்து, எந்த ஃபிரேமில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட வேண்டும் என்ற உள்ளீட்டுக் கோப்பாக நிறைவு பெறும் ஆக்கமே கருவித்துணை ஸ்பீட்ரன். ஆடுபவரின் கைவேகமும் களைப்பும் கணக்கிலிருந்து நீங்கிவிடுவதால் அங்கே மதிப்பிட எஞ்சுவது பெரும்பாலும் நேரம் ஒன்றே. ஆகவே அந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது என்ற முடிவு, முதல் ஃபிரேம் பதிவாவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியதாகிறது.

மெய்நேரம் என்பது கன்சோல் இயக்கப்பட்ட கணத்திலிருந்து கடைசி உள்ளீடு வரை கடந்த எல்லா ஃபிரேம்களையும் எண்ணி, அக்கருவியின் ஃபிரேம் வீதத்தால் வகுத்துப் பெறும் அளவு. இத்தகைய ஓட்டங்களைத் தொகுத்து வெளியிடும் டாஸ்வீடியோஸ் தளம் வழக்கமாகக் கொள்ளும் அளவும் இதுவே. ஆட்டநேரம் என்பது நிரல் தன் நினைவகத்தில் தானே எண்ணி வைத்திருக்கும் அளவாகும். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை அந்த ஆட்டத்தை எழுதியவர்கள் வேறு தேவைகளுக்காக என்றோ தீர்மானித்துவிட்டனர். செயலி தன் கணக்குகளை ஒரு ஃபிரேமுக்குள் முடிக்க இயலாமல் அந்த ஃபிரேமில் கட்டுப்பாட்டுக் கருவியை வாசிக்காமலே விட்டுவிடும்போது அது லேக் ஃபிரேம் எனப்படுகிறது. மெய்நேரத்தில் அது முழு இழப்பு; ஆட்டத்தின் மையச் சுழற்சி ஓடும்போது மட்டும் கூடும் கடிகாரத்திலோ அது நிகழவே இல்லை.

இவ்விரு அளவுகளும் ஒன்றையொன்று வெளிப்படையாக எதிர்க்கும் இடத்தை, 1991 இல் வெளிவந்த சோனிக் த ஹெட்ஜ்ஹாக் ஆட்டத்தின் மதிப்பெண் திரையைப் போல் தெளிவாகக் காட்டுவது அரிது. ஒரு கட்டத்தை 30 நொடிக்குள் முடிப்பவருக்கு 50,000 புள்ளிகள் நேர ஊக்கமாகக் கிடைக்கின்றன. 30 முதல் 44 நொடிக்குள் முடித்தால் 10,000 மட்டுமே. இந்த ஊக்கம் மொத்த மதிப்பெண்ணில் ஒரே கணத்தில் சேர்ந்துவிடுவதில்லை. ஒரு ஃபிரேமுக்கு 100 புள்ளிகளாக இறங்கி இறங்கித்தான் சேர்கிறது. அதாவது விரைந்து முடித்தவர் 500 ஃபிரேம்களும், 30 நொடியைத் தொட்டு முடித்தவர் 100 ஃபிரேம்களும் காத்திருக்க வேண்டும். வேறுபாடு ஏறத்தாழ 6.7 நொடி. சேகரித்த வளையங்களுக்கான ஊக்கமும் அதே வேகத்தில் ஒரே சமயத்தில் இறங்குவதால், வளையங்கள் 100 ஐத் தாண்டாதவரை இக்கணக்கு மாறுவதில்லை. எனவே 23.3 நொடிக்கும் 30 நொடிக்கும் இடையில் முடிக்கத்தக்க எந்தக் கட்டத்திலும், மெய்நேரத்தைக் குறைக்க விரும்புபவர் முடிவுப் பலகையின் முன் சோனிக்கை நிறுத்திவைத்து, கடிகாரம் 30 ஐக் காட்டும்வரை பொறுத்திருந்து கடப்பதே சரியான தீர்வாகிறது. எண்கணிதம் அதைக் கோருகிறது என்பதில் ஐயமில்லை; ஆனால் ஓட்டத்தின் அழகையே நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட ஓர் ஆட்டத்தில், புள்ளி இறங்கும் திரை ஒன்றுக்காக ஓட்டத்தை நிறுத்துவது படைப்பின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்பதே இவ்விதழின் கருத்து. சோனிக் வரிசை ஆட்டங்களில் ஆட்டநேரம் அளவுகோலாக நிலைபெற்றதற்கு இது போதிய நியாயம்.

1994 ஆம் ஆண்டின் சூப்பர் மெட்ராய்டில் வழக்கு வேறு திசையில் செல்கிறது. அங்கே கதவுகளைக் கடக்கும்போதும், இடைநிறுத்தத் திரையிலும், பொருளொன்றைப் பெற்றதை அறிவிக்கும் பெட்டி திறந்திருக்கும்போதும் ஆட்டக் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதனால் கூடுதல் கதவுகள் வழியே செல்லும் பாதையும், ஒருமுறை கூடுதலாக எடுக்கப்படும் பொருளும் ஆட்டநேரத்தில் இலாபமாகவும் மெய்நேரத்தில் நட்டமாகவும் முடியலாம். இரண்டு கடிகாரங்களுக்கும் தனித்தனி ஓட்டங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. பாதை, பொருள்களின் வரிசை, ஆயுதங்களை மாற்றும் இடங்கள் ஆகியவற்றில் அவை வெவ்வேறு சிக்கல்களுக்குரிய தீர்வுகளாகவே அமைகின்றன. இத்தகைய ஆட்டத்தில் ஒன்றை மற்றதன் குறைபட்ட வடிவமாகக் கருதுவதற்கு இடமில்லை.

மெய்நேரம் மாசற்றது என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்க, ஜப்பானிய நிண்டெண்டோ கன்சோலின் வீதம் நொடிக்கு 60 ஃபிரேம் அன்று, 60.0988; இதை முழு எண்ணாக்கினால் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 6 நொடி பிறழும். துல்லியம் குறைந்த எமுலேட்டர் லேக் ஃபிரேம்களைக் குறைத்துக் காட்டும்போது, படைப்பாளரின் திறமையால் விளையாத வேகம் அவர் கணக்கில் சேர்கிறது. சூப்பர் நிண்டெண்டோவில் ஒலிச் செயலி மையச் செயலியின் துடிப்பைப் பின்பற்றாமல் தனக்கென ஓர் அலைவியில் ஓடுவதால், இசைத் தரவு ஏற்றப்படும் இடங்களில் ஒரே உள்ளீட்டுக் கோப்பு இரண்டு அசல் கருவிகளில் ஒரே ஃபிரேமில் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. 2014 இல் ஆசம் கேம்ஸ் டன் குயிக் என்னும் ஸ்பீட்ரன் நிகழ்வில் டாஸ்பாட் என்னும் இயக்கி அசல் கன்சோலில் உள்ளீட்டுக் கோப்பை ஓட்டிக் காட்டியது பெரும் சாதனையாகப் போற்றப்பட்டதன் பின்னணியில் இந்தக் கடினமும் இருக்கிறது. கடைசி உள்ளீட்டோடு கணக்கு முடிவதால், ஆட்டம் தானாகவே முடிவை அடையும்படி விட்டு, உள்ளீட்டைச் சற்று முன்னதாக நிறுத்தும் உத்தியும் இங்கே நினைக்கத்தக்கது. அதில் கோப்பின் நேரம் குறைய, முடிவுத் திரை தாமதமாகத் தோன்றக்கூடும்.

வெவ்வேறு ஆட்டங்களையும் கருவிகளையும் ஒரே வரிசையில் வைக்கத்தக்க பொது அளவு மெய்நேரம் ஒன்றே என்பதால், அதை இயல்பான அளவுகோலாகக் கொள்வதை இவ்விதழ் ஆதரிக்கிறது. ஆட்டநேரத்தைத் தேர்பவர், அக்கடிகாரம் எங்கெல்லாம் நிற்கிறது என்பதையும், ஆட்டத்திலேயே உள்ள சேமிப்புக்குத் திரும்பினால் அது பின்னோக்கிச் செல்லுமா என்பதையும் குறிப்புரையில் எழுத வேண்டும்; பின்னோக்கிச் செல்லுமாயின் அந்த வழி விலக்கப்பட்டதா என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்க இயலாதது கலப்பு முறையே: ஒரு கட்டத்தில் ஆட்டநேரத்திற்காகவும் அடுத்த கட்டத்தில் மெய்நேரத்திற்காகவும் முடிவெடுத்து, ஒட்டுமொத்தத்தை ஒரே எண்ணால் அறிவிக்கும் ஓட்டத்தை அடுத்து வருபவர் எதைக் கொண்டு முந்துவது என்று எவராலும் கூற முடியாது. இனி இவ்விதழில் ஆய்வுக்கு எடுக்கப்படும் ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இரண்டு நேரங்களும், லேக் ஃபிரேம்களின் எண்ணிக்கையும், எமுலேட்டரின் பெயரும் பதிப்பும் சேர்த்தே அச்சிடப்படும்.