கண்மட்டத்துக்குக் கீழே ஒளி
நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் மேம்பாதையைப் பூங்காவாக்கி 2009-இல் திறந்த ஹைலைனில், ஒளி வடிவமைப்பாளர் எர்வே டெகோட் விளக்குகளைக் கண்மட்டத்துக்குக் கீழே, கைப்பிடிகளின் அடியிலும் இருக்கைகளின் அடியிலும் மறைத்துவைத்தது, வெளிச்சம் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்ற பழைய நம்பிக்கையையே அசைத்துவிட்டது. உயரத்திலிருந்து நேரே கண்ணில் பாயும் கூசொளி, அதாவது பார்வையை மழுங்கச் செய்யும் மிகைவெளிச்சம், கண்பாவையைச் சுருக்கி, அருகிலுள்ள நிழலை மேலும் இருட்டாக்கி, எதிரே வருபவரின் முகத்தையும் மறைத்துவிடுகிறது. தாழ்ந்த ஒளியிலோ கண் மெல்ல இருளுக்குப் பழகிச் செடியையும் வானையும் ஒருசேரக் காண்கிறது, நடப்பவரும் சற்று அமர்ந்துபோக விரும்புகிறார். ஒளியின் நிறமும் அற்பமானதன்று: அதைக் குறிக்கும் கெல்வின் அளவு கூடக்கூட வெளிச்சத்தில் நீலம் மிகுந்து, இரவில் உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பு குறையும் என்பதால், தெருவிளக்குகள் 3000 கெல்வினைத் தாண்டலாகாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. நாற்சந்திகளில் உயர்கோபுர மின்விளக்குகளை நிறுத்திவரும் நம் நகராட்சிகள், அடுத்து அமைக்கும் பூங்காவிலேனும் விளக்கைத் தாழ்த்தி, மரத்தடியின் இருளில் சிறிதையாவது விட்டுவைக்க வேண்டும்.